ராக்கவே: கோடையில் மட்டும் வாழ்ந்த ஊர்

இந்த எபிசோட்ல நாம போகப்போறது நியூயார்க். ஆனா டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் இல்ல. மன்ஹாட்டன்ல ஏ ட்ரெயின் ஏறி தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல போனா, ரயில் சுரங்கத்தை விட்டு வெளிய வந்து, வீடுகளைத் தாண்டி, ஜமைக்கா விரிகுடாவோட தண்ணிக்கு நடுவுல ஓடும். அந்தப் பக்கம் இறங்குற இடம்தான் ராக்கவே. சுமார் 18 கிலோமீட்டர் நீளம், ரொம்பக் குறைவான அகலம். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், இன்னொரு பக்கம் விரிகுடா. நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு மணல் நாக்கு.

ராக் மியூசிக் கேட்கிறவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். ரமோன்ஸ் குழு 1977-ல் 'ராக்கவே பீச்' என்று ஒரு பாட்டே போட்டாங்க. பாட்டு ஜாலியானது. ஆனா அந்தப் பாட்டு வந்த வருஷம், அதே கடற்கரையில் 300 ஏக்கருக்கு மேல் நிலம் வீடே இல்லாமல் காலியாகக் கிடந்தது. வீடுகள் இருந்த இடம்தான். இடிச்சிட்டாங்க. அதுக்கு அப்புறமும் சுமார் கால் நூற்றாண்டுக்கு அப்படியே கிடந்தது.

கோடையில் மட்டும் உயிரோடு இருந்த ஒரு ஊரை வருஷம் முழுக்க மக்கள் வாழும் ஊராக மாற்றுவது எப்படி? கேட்க நல்ல திட்டம் மாதிரி இருக்கு. ராக்கவேயில் இதை ஒரு முறை இல்ல, பல முறை முயற்சி செஞ்சாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதலில் பணக்காரர்கள், பிறகு கூடாரங்கள்

1830-களில் இங்கே மரைன் பவிலியன் என்ற பெரிய ஹோட்டல் வந்தது. நகரத்துப் பணக்காரர்கள் குதிரை வண்டியிலும் படகிலும் வந்து தங்கினார்கள். அந்த ஹோட்டல் 1864-ல் எரிந்து போனது. 1880-ல் ஜமைக்கா விரிகுடாவின் மேல் மரத் தூண்கள் நட்டு ரயில் பாதை போட்டார்கள். அதோடு ராக்கவே எல்லோருக்கும் எட்டும் இடமானது.

ரயில் வந்த வேகத்தில் கனவுகளும் வந்தன. உலகத்திலேயே பெரிய ஹோட்டல் என்ற விளம்பரத்தோடு ராக்கவே பீச் ஹோட்டலைக் கட்ட ஆரம்பித்தார்கள். பணம் தீர்ந்தது. 1881-ல் ஒரு பகுதியை மட்டும், அதுவும் கோடையின் கடைசியில் கொஞ்ச நாள், திறந்தார்கள். 1889-க்குள் மொத்தத்தையும் பிரித்து விற்றுவிட்டார்கள். பெரிய திட்டம், பாதியில் நிற்கும் பணம், கடைசியில் காலி மணல். இந்த வரிசையை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இந்தக் கதையில் நமக்கு முக்கியமான ஊர்ப்பகுதி ஆர்வெர்ன். இங்கே நிலத்தை வாங்கி மனை போட்டவர் ரெமிங்டன் வெர்னம் என்ற வழக்கறிஞர். அவர் 'ஆர். வெர்னம்' என்று கையெழுத்துப் போடுவாராம். அதைச் சேர்த்து வாசித்தால் 'ஆர்வெர்ன்' மாதிரி கேட்கும், அதுதான் ஊர்ப் பேரானது என்று சொல்வார்கள். ரியல் எஸ்டேட்காரரின் கையெழுத்தே ஊர்ப் பேர்!

1900-களின் தொடக்கத்தில் சாதாரண மக்களும் வர ஆரம்பித்தார்கள். முதலில் மணலில் கூடாரம். பிறகு கூடாரத்தின் இடத்தில் பங்களா.

இங்கே ஒரு நிமிஷம். நாம பங்களான்னா என்ன நினைப்போம்? பெரிய கேட், தோட்டம், கார் ஷெட். 'பங்களா வீட்டுக்காரர்' என்றாலே வசதியானவர். ராக்கவேயில் அதே சொல்லுக்கு நேர் எதிரான பொருள். சொல் போனது இந்தியாவிலிருந்துதான்: வங்காளத்துப் பாணி வீடு என்ற பொருளில் 'பங்க்ளா'. ஆங்கிலேயர்கள் வழியாகப் போய், அமெரிக்காவில் ஒற்றைத் தளச் சிறு வீட்டுக்குப் பேரானது. ராக்கவே பங்களா என்றால் மெல்லிய பலகைச் சுவர், இரண்டு மூன்று குட்டி அறை, முன்னால் ஒரு திண்ணை மாதிரி வராண்டா. ஹீட்டர் கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும், நடுவில் கடலுக்குப் போகும் நடைபாதை.

1933 வாக்கில் இப்படி 7,000-க்கும் மேற்பட்ட பங்களாக்கள் இருந்தன. வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்தின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த யூத, ஐரிஷ் குடும்பங்கள். அம்மாவும் பிள்ளைகளும் கோடை முழுக்க இங்கே. அப்பா வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு வெள்ளிக்கிழமை ரயிலில் வருவார். செப்டம்பர் வந்ததும் கதவைப் பூட்டிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

எல்லோரும் என்றால், எல்லோரும் இல்ல. ஹாமல்ஸ் மாதிரி பகுதிகளில் கறுப்பினக் குடும்பங்கள் வருஷம் முழுக்க இருந்தார்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். ஹோட்டல் வேலை, வீட்டு வேலை, கட்டட வேலை. மோசமான வாடகை வீடுகள். கடற்கரை ஊர் என்று போஸ்ட்கார்டில் அச்சான படங்களில் இந்தத் தெருக்கள் வராது.

மோசஸுக்குப் பிடிக்காத கடற்கரை

1934-ல் நியூயார்க் நகரத்தின் பூங்காத் துறைக்கு ஆணையராக வந்தவர் ராபர்ட் மோசஸ். தேர்தலில் ஜெயித்து எந்தப் பதவிக்கும் வராமலேயே, நகரத்தின் பாலங்கள், சாலைகள், பூங்காக்கள் எல்லாவற்றையும் பல பத்தாண்டுகள் தீர்மானித்த மனிதர். கடற்கரை அவருக்குப் பிடிக்கும். கடற்கரையில் ராட்டினம், சூதாட்டக் கடை, குடிசை மாதிரி வீடுகள் இருப்பது பிடிக்காது. லாங் ஐலண்டில் அவர் 1929-ல் திறந்த ஜோன்ஸ் பீச்தான் அவருடைய இலட்சியம்: அகலமான மணல், ஒழுங்கான கட்டடங்கள், காரில் வரும் குடும்பங்கள்.

ராக்கவேக்கு 1937-ல் ஒரு பாலம், 1939-ல் இன்னொரு பாலம். கூடவே கடலோரமாக ஷோர் ஃப்ரன்ட் பார்க்வே என்ற அகலமான சாலை. அதற்காகக் கடலோரத்து வீடுகளும் கடைகளும் வரிசையாக அகற்றப்பட்டன. சாலை பெரிய நெடுஞ்சாலை எதோடும் இணையாமல் நடுவிலேயே முடிந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த பேர்: 'எங்கிருந்தும் இல்லாமல் எங்கேயும் போகாத சாலை'.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நகரத்தில் கடும் வீட்டுப் பஞ்சம். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கே வீடு இல்லை. ராக்கவேயில் குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கில் பூட்டிய பங்களாக்கள். கணக்கு தானா வந்தது.

இதே நேரத்தில் கோடை வியாபாரமும் சரிந்துகொண்டிருந்தது. மக்களிடம் கார் வந்துவிட்டது, வேறு கடற்கரைகளுக்குப் போனார்கள். ஏசி வந்தது. விமானப் பயணம் வந்தது. போதாக்குறைக்கு, 1950 மே மாதம் விரிகுடாவின் மேலிருந்த மர ரயில் பாலம் தீப்பிடித்து எரிந்தது. கஷ்டத்தில் இருந்த லாங் ஐலண்ட் ரயில் கம்பெனி அதைச் சரிசெய்ய முன்வரவில்லை. நகரம் பாதையை வாங்கி, 1956 ஜூன் 28-ல் சப்வே ரயிலாகத் திறந்தது. ஆறு வருஷ இடைவெளி. அப்புறமும் ராக்கவேக்குப் போக இரட்டைக் கட்டணம். மற்ற நியூயார்க்காரர்கள் ஒரு டோக்கன் போட்டால், ராக்கவேக்காரர்கள் இரண்டு. 1975 வரைக்கும் இதுதான் நிலை. ஊரை வருஷம் முழுக்க வாழும் இடமாக மாற்றப்போறோம்னு சொல்லிக்கிட்டே, தினமும் வேலைக்குப் போய் வர்றவங்ககிட்ட ரெண்டு மடங்கு வாங்கினாங்க.

குளிர்காலத்தில் யார் வந்தார்கள்?

உள்ளூர் வியாபாரிகள் ரொம்ப நாளாகக் கேட்டது இதைத்தான்: மூணு மாசம் வியாபாரம், ஒன்பது மாசம் ஈ ஓட்டுவது என்றால் கடை நிற்காது, வருஷம் முழுக்க மக்கள் வேண்டும். மக்கள் வந்தார்கள். ஆனால் வியாபாரிகள் கனவு கண்ட நடுத்தர வர்க்கம் முதலில் வரவில்லை.

மன்ஹாட்டனிலும் மற்ற பகுதிகளிலும் 'சேரி அகற்றம்' என்ற பேரில் பழைய குடியிருப்புகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். 1949-ல் வந்த மத்திய அரசின் வீட்டு வசதிச் சட்டம் அதற்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தைச் செலவிடும் குழுவின் தலைவரும் மோசஸ்தான். இடித்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போவது? அரசு உதவித்தொகையில் வாழும் குடும்பங்களை நலத்துறை ராக்கவேயின் கோடைப் பங்களாக்களுக்கும் பழைய லாட்ஜ்களுக்கும் அனுப்பியது.

வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பாருங்க. கோடை வாடகைக்கு வர்றவங்க குறையுறாங்க. அரசோட வாடகைப் பணமோ மாசாமாசம், பன்னிரண்டு மாசமும் வரும். பங்களாவுக்கு ஒரு ஹீட்டரை வச்சு, இடுக்கை அடைச்சு, 'குளிர்காலத்துக்கு ஏற்ற வீடு' என்று வாடகைக்கு விட்டால் போதும். வெயிலுக்காகக் கட்டிய பலகைச் சுவருக்குள், அட்லாண்டிக்கின் ஜனவரிக் காற்றில், குழந்தைகளோடு ஏழைக் குடும்பங்கள். ஒரு கோடை ஊர் வருஷம் முழுக்க வாழும் ஊராக மாறிய முதல் விதம் இது. இதற்கு யாரும் ரிப்பன் வெட்டவில்லை.

கூடவே அரசுக் குடியிருப்புகள் எழுந்தன. 1951-ல் ஆர்வெர்ன், 1955-ல் ஹாமல், 1959-ல் ரெட்ஃபெர்ன், 1961-ல் எட்ஜ்மியர். நடுத்தர வர்க்கத்துக்காக டேட்டன் டவர்ஸ் மாதிரி கூட்டுறவு அடுக்குமாடிகளும் கடலைப் பார்த்தபடி வந்தன. பழைய ஹோட்டல்கள் முதியோர் இல்லங்களாகின. பிறகு மாநில மனநல மருத்துவமனைகள் நோயாளிகளை வெளியே அனுப்பத் தொடங்கியபோது, அவர்களில் பலரும் ராக்கவே விடுதிகளுக்கே வந்தார்கள். 1970-களின் நடுவில், குயின்ஸின் குறைந்த வருமானக் குடியிருப்புகளில் பாதிக்கும் மேல் இந்த ஒரு மணல் நாக்கில்தான் இருந்தது.

ஏன் இங்கேயே? நிலம் மலிவு. நகரத்திலிருந்து தூரம். இன்னொரு காரணம், இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதது: கோடை ஊர் என்றால் அங்கே வீடு வைத்திருப்பவர்களும் வாடகைக்கு வருபவர்களும் ஓட்டுப் போடுவது வேறு இடத்தில். இடிக்க வரும்போது எதிர்த்து நிற்க ஆள் குறைவு. நிஜமாகவே அங்கே வாழ்ந்த ஏழைகளின் குரலுக்கோ மதிப்பு குறைவு.

300 ஏக்கர் அமைதி

1960-களின் நடுவில் நகர நிர்வாகம் ஆர்வெர்னின் 300-க்கும் மேற்பட்ட ஏக்கரை 'நகர்ப்புறப் புதுப்பிப்புப் பகுதி' என்று அறிவித்தது. நிலத்தைக் கையகப்படுத்தினார்கள், குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள், பங்களாக்களையும் லாட்ஜ்களையும் இடித்தார்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, பியூர்ட்டோ ரிக்கோ ஏழைக் குடும்பங்கள். அதில் பலர் ஏற்கெனவே ஒரு முறை வேறொரு இடத்திலிருந்து இடித்து அனுப்பப்பட்டவர்கள்.

இடிப்பதற்குப் பணம் இருந்தது. கட்டுவதற்கு வரவேண்டிய பணம் வரவில்லை. 1973 ஜனவரியில் அதிபர் நிக்சன் அரசு மத்திய வீட்டு வசதித் திட்டங்களுக்கான புதிய நிதியை நிறுத்தி வைத்தது. இரண்டு வருஷத்தில் நியூயார்க் நகரமே திவாலாகும் நிலைக்குப் போனது. ஆர்வெர்ன் அப்படியே நின்றது. தெருக்கள் இருந்தன, தெருவில் தீயணைப்புக் குழாய்கள் இருந்தன, வீடுகள் மட்டும் இல்லை. உலகத்தின் மிக விலையுயர்ந்த ரியல் எஸ்டேட் நகரங்களில் ஒன்றில், கடலைப் பார்த்த நிலம், பக்கத்திலேயே ரயில் நிலையம். அங்கே புல் வளர்ந்தது.

திட்டங்களுக்குக் குறைச்சல் இல்லை. 1980-களின் கடைசியில் ஆயிரக்கணக்கான வீடுகளோடு ஒரு பெரிய திட்டம் வந்தது. ரியல் எஸ்டேட் சந்தை விழுந்தது, திட்டமும் விழுந்தது. 1990-களின் கடைசியில் ஒரு கனடா நிறுவனம் 'டெக்னோடோம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கூரைக்குள் பனிச்சறுக்கு மலை! கடற்கரையில், ஜூலை மாசத்திலும் பனிச்சறுக்கு. வருஷம் முழுக்க ஆட்களை வரவைக்கும் வழி இதுதான் என்றார்கள். அதுவும் நடக்கவில்லை. 1881 ஹோட்டல் ஞாபகம் வருதா?

இந்தக் காலியிடத்தில் தானாகக் குடிவந்தவை பறவைகள்தான். பைப்பிங் பிளவர் என்ற அழியும் நிலையிலுள்ள சின்னக் கடற்கரைப் பறவை மணலிலேயே முட்டையிடும். அதற்காக 1990-களிலிருந்து ஆர்வெர்ன் கடற்கரையின் ஒரு பகுதியைக் கோடைகளில் வேலி போட்டு மூட ஆரம்பித்தார்கள்.

வீடுகள் திரும்பி வந்தபோது

2000-களில்தான் காட்சி மாறியது. 'ஆர்வெர்ன் பை தி ஸீ' என்ற திட்டம், சுமார் 2,300 வீடுகள். பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள் வாழும் வகை வீடுகள்: ஒன்றில் உரிமையாளர் இருந்துகொண்டு இன்னொன்றை வாடகைக்கு விடலாம், அந்த வாடகை வீட்டுக் கடனைக் கட்ட உதவும். சப்வே நிலையத்தை ஒட்டியே திட்டம். முதல் வீடுகள் 2000-களின் நடுவில் விற்பனைக்கு வந்தன. பிறகு சூப்பர் மார்க்கெட், ஜிம் எல்லாம் வந்தன.

சூப்பர் மார்க்கெட் என்றதும் சாதாரணமா கடந்து போயிடாதீங்க. ஒரு ஊர் வருஷம் முழுக்க வாழும் ஊரா இல்லையா என்பதைக் கடற்கரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிப்ரவரியில் பால் எங்கே வாங்குவீங்க, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா எங்கே போவீங்க, வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்? இந்தக் கேள்விகள்தான் சொல்லும். ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் இந்தத் தீபகற்பத்தில் இருந்த இரண்டு மருத்துவமனைகளில் ஒன்று, பெனின்சுலா மருத்துவமனை, 2012 ஏப்ரலில் மூடப்பட்டது. வீடு கூடுது, மருத்துவமனை குறையுது.

அதே வருஷம் அக்டோபர் 29. சாண்டி புயல்.

கடலும் விரிகுடாவும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறி வந்தன. தீபகற்பத்தின் மேற்கு முனையில் பிரீஸி பாயிண்ட் பகுதியில் வெள்ளத்துக்கு நடுவே தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. மரத்தாலான கடலோர நடைமேடை பிய்ந்து போனது. விரிகுடா மேலிருந்த ரயில் பாதை அரித்துப் போய், 2013 மே 30 வரைக்கும், அதாவது ஏழு மாசம், ராக்கவேக்கு நேரடி சப்வே இல்லை.

மோசஸ் காலத்து அடுக்குமாடிகளில் மின்சாரம் போனது, ஹீட்டர் போனது, லிஃப்ட் நின்றது. மேல் மாடிகளில் வயதானவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், இருட்டில், குளிரில். தன்னார்வலர்கள் தண்ணீரும் சாப்பாடும் மாத்திரையும் படியேறிக் கொண்டு போனார்கள். அதே ஊரில் ஆர்வெர்ன் பை தி ஸீ மட்டும் ஒப்பீட்டளவில் லேசான சேதத்தோடு தப்பியது. கட்டும்போதே மண் கொட்டித் தரையை உயர்த்தியிருந்தார்கள், பெரிய வடிகால்கள் வைத்திருந்தார்கள், மின்கம்பிகள் தரைக்கு அடியில், முன்னால் மணல் மேடுகள். செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. யாருக்காகச் செய்தார்கள் என்பதற்கும் அதே சாட்சி.

இங்கே நம்ம பழைய பங்களாவை நினைச்சுப் பாருங்க. கோடைக்கு மட்டும் வந்தவர்கள் செப்டம்பரில் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அட்லாண்டிக்கின் மோசமான புயல்கள் பல வருவது அதற்குப் பிறகு. போனால் ஒரு பலகை வீடு போகும், அடுத்த கோடையில் ஆணி அடித்துக்கொள்ளலாம். அவர்களுடைய வாழ்க்கை வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. வருஷம் முழுக்க ஒரு ஊரில் வாழ்வது என்றால் அதன் அக்டோபரிலும் வாழ்வது. ராக்கவேயில் அக்டோபர் யாருடைய தலையில் விழுந்தது என்றால், போவதற்கு வேறு இடம் இல்லாதவர்கள் தலையில்.

இப்போது

2017-ல் ஐந்தரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் நடைமேடை முழுசாகத் திறந்தது. அதே வருஷம் மே 1 முதல் மன்ஹாட்டனுக்குப் படகுச் சேவை. கட்டணம் அப்போது சப்வே கட்டணமேதான், 2.75 டாலர். இரட்டை டோக்கன் கொடுத்த தலைமுறைக்கு அது சின்ன விஷயமா இருந்திருக்காது. கோடையில் சர்ஃபிங் போர்டோடு இளைஞர்கள் ஏ ட்ரெயினில் வருகிறார்கள். டாக்கோ கடையில் வரிசை நிற்கிறது. 7,000 பங்களாக்களில் மிச்சம் சில நூறுதான். ஃபார் ராக்கவேயில் மூன்று தெருக்களில் இருப்பவை 2013-ல் தேசிய வரலாற்றுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒரு காலத்தில் 'குடிசை' என்று இடித்ததை இப்போது பாரம்பரியம் என்று காக்கிறார்கள்.

மிச்சமிருந்த காலி நிலத்தின் கிழக்குப் பகுதிக்கு 'ஆர்வெர்ன் ஈஸ்ட்' என்ற திட்டம்: 1,650 வீடுகள், அதில் பெரும்பகுதி குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கு, கூடவே 35 ஏக்கர் இயற்கைக் காப்பிடம். பக்கத்தில் எட்ஜ்மியரின் தாழ்வான பகுதிகளிலோ, 2022 முதல் புது வீடுகள் கட்டுவதற்கே நகரம் கட்டுப்பாடு வைத்துவிட்டது. வெள்ள அபாயம்தான் காரணம். ஒரு தெருவில் 'வாங்க, குடியேறுங்க', சில தெருக்கள் தள்ளி 'இங்க இனி அதிகமா கட்டாதீங்க'. ரெண்டுமே ஒரே நகர நிர்வாகம். ரெண்டுக்கும் நியாயம் இருக்கு. நகரத்துக்கு வீடு வேணும், கடலும் ஏறுது.

ஒரு கடற்கரை ஊரைப் புதுசாக்கப்போறோம்னு யாராவது கலர் கலரா படம் போட்டுக் காட்டும்போது, அந்தப் படத்தில் எப்பவும் வெயில் அடிக்கும், கவனிச்சிருக்கீங்களா? ராக்கவேக்காரங்க கேட்கிற கேள்வி எளிமையானது. ஜனவரியில் எடுத்த படம் இருக்கா? அதில் யார் இருக்காங்க?

அடுத்த எபிசோடில் வேறொரு ஊரோடு சந்திப்போம்.